கேள்வி பதில்: சாஸ்திரி காலேஜ் யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாஸ்திரி காலேஜில் என் தாத்தா படித்தார், அப்பாவும் படித்தார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன், வாசலில் நின்றதெல்லாம் பெரும்பாலும் சூலு இன ஆப்பிரிக்கப் பிள்ளைகள். நம் இந்தியர்கள் காசு போட்டுக் கட்டின பள்ளி இப்படிக் கைமாறிப் போய்விட்டதே?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

கைமாறவில்லை ஐயா. கட்டிடத்தை எழுப்பிய கையோடு நம்மவர்களே அதை நேட்டால் மாகாண அரசிடம் ஒப்படைத்துவிட்டார்கள், ஆகவே சொத்து என்று பார்த்தால் அது 1929லிருந்தே அரசுப் பள்ளிதான்.

ஆனால் உங்கள் வருத்தம் சொத்துப் பத்திரம் பற்றியது இல்லை என்று புரிகிறது. கொஞ்சம் பின்னால் போவோம். 1927ல் இந்திய அரசாங்கமும் தென்னாப்பிரிக்க அரசாங்கமும் கேப் டவுன் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவனுக்குப் பயணச் செலவும் கைக்காசும் உண்டு, இங்கேயே இருக்கிறேன் என்பவனைப் படிப்பிலும் வாழ்க்கையிலும் முன்னேற்றுவோம் என்று இங்கத்து அரசாங்கம் ஒத்துக்கொண்டது. இதைப் பார்த்துக்கொள்ள இந்தியா அனுப்பிய முதல் பிரதிநிதி வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. கும்பகோணம் பக்கம் வலங்கைமான்காரர், பொதுவாழ்வுக்கு வருவதற்கு முன் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். வாத்தியார் கண்ணுக்கு முதலில் என்ன படும்? நேட்டாலில் நம் பையன் மெட்ரிக் வரை, அதாவது பள்ளி இறுதித் தேர்வு வரை படிக்க ஒழுங்கான பள்ளி ஒன்றுகூட இல்லை என்பதுதான் பட்டது. வசதி உள்ளவன் பிள்ளையைக் கேப் மாகாணத்தில் கறுப்பர்களுக்கென்று இருந்த ஃபோர்ட் ஹேர் கல்லூரிக்கு அனுப்பினான், இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றினான், மற்றவன் பிள்ளை கடையிலோ கரும்புத் தோட்டத்திலோ போய் நின்றான்.

சாஸ்திரி வசூலுக்கு இறங்கினார், வியாபாரிகள் கொடுத்தார்கள், கட்டிடம் எழும்பியது. இதில் ஒரு கசப்பும் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அரசாங்கம் தன் பணத்தில் பள்ளி கட்டித் தரும், நமக்கோ நாமே கட்டிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சே. வரியை மட்டும் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டார்கள். 1929 அக்டோபர் 14ல் கவர்னர் ஜெனரல் அத்லோன் பிரபு திறந்து வைத்தபோது சாஸ்திரி ஊரிலேயே இல்லை, அந்த ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். பட்டம் பெற்ற நம் ஆட்கள் இங்கே போதுமான அளவு இல்லாததால் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்தே ஆசிரியர்களை வரவழைத்தார்கள். பையன்களை மெட்ரிக்குக்குத் தயார் செய்வதோடு, நம் மற்றப் பள்ளிகளுக்கு வாத்தியார்களைப் பயிற்றுவிக்கும் வேலையும் அங்கேதான் நடந்தது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 1936ல் மேபல் பாமர் என்ற அம்மையார், வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும் என்று வகுப்பு ஆரம்பித்தார். நேட்டால் யுனிவர்சிட்டி காலேஜ் தன் வளாகத்துக்குள் அவர்களைச் சேர்த்து உட்காரவைக்கத் தயாராக இல்லை. அப்போது இடம் கொடுத்தது சாஸ்திரி காலேஜ்தான். வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு விடுமுறை நாளில் வந்து, சின்னப் பையன்கள் உட்காரும் அதே பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்து பி.ஏ.வுக்குப் படித்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள், ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். பள்ளி திறந்து ஏழு வருஷத்திலேயே இது. அதனால் இன்றைக்கு அந்த வாசலில் நிற்கும் சூலுப் பிள்ளையை வந்தேறி மாதிரி பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எங்கேயும் சேர்த்துக்கொள்ளாதவனுக்குப் படிப்பு கொடுக்கத்தான் உங்கள் தாத்தா காலத்தில் காசு விழுந்தது, அந்தக் காசு இன்னும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

நம் பிள்ளைகள் குறைந்ததற்குக் காரணம் வேறு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனில் மேகசின் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் இருந்த நம் குடும்பங்களை அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், அங்கேயே உயர்நிலைப் பள்ளிகள் வந்தன, அப்புறம் டவுனுக்கு ஏன் பஸ் ஏற வேண்டும்?

பெண்களை ஏன் அங்கே சேர்க்கவில்லை?
— ஃபீனிக்ஸ் வாசகி

அது பையன்கள் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது அம்மா. அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண்ணைப் பையன்களோடு உட்காரவைக்க நம் வீடுகளே ஒத்துக்கொண்டிருக்காது, எல்லாப் பழியையும் அரசாங்கத்தின் தலையில் போட முடியாது. பிறகு டர்பனில் இந்தியப் பெண்களுக்கென்று தனி உயர்நிலைப் பள்ளி வந்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஃபாத்திமா மீர் அங்கே படித்தவர். அவர் கணவர் இஸ்மாயில் மீர் சாஸ்திரி காலேஜ் மாணவர், பிறகு ஜோஹன்னஸ்பர்க்கில் மண்டேலாவோடு சட்டம் படித்தவர். நம் தமிழ்ப் பெண் நவி பிள்ளையும் டர்பனில் படித்து வளர்ந்தவர்தான். பஸ் டிரைவர் மகள், ஐ.நா. மனித உரிமை ஆணையர் வரை போனார். கல்லூரிப் படிப்புக்கு ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுசாகும்.

பையனுக்கு எட்டாம் கிரேடு. டவுனில் பேர்போன பள்ளியா, வீட்டுப் பக்கத்துப் பள்ளியா?
— டோங்காட் வாசகி

பக்கத்துப் பள்ளி. பேரைப் பார்த்துத் தினமும் இரண்டு மணி நேரம் டாக்சியில் போய்வந்தால் பையன் வீட்டுப்பாடத்தை எப்போது செய்வான்? கணக்கு, விஞ்ஞானம் இரண்டுக்கும் நிலையான டீச்சர் இருக்கிறார்களா என்று மட்டும் நேரில் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கத்துப் பள்ளி.

ஒரு தமிழர் முயற்சியில் வந்த பள்ளி, ஆனால் தமிழுக்கு என்ன செய்தது?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

சாஸ்திரியே ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போனவர், அன்றைக்கு ஊருக்கு வேண்டியிருந்ததும் மெட்ரிக் சான்றிதழ். தமிழைக் கோயில் பாடசாலைகளும் சங்கங்களும்தான் சாயங்காலத்தில் வைத்துக் காப்பாற்றின. இன்றைக்கு மெட்ரிக்கில் தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக எழுதலாம். 1996ம் வருஷப் பள்ளிச் சட்டப்படி பள்ளியின் மொழிக் கொள்கையை முடிவு செய்வது நிர்வாகக் குழு, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. 2024 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கொள்கைக்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன்னாலேயே செயலாளர் கையில் கொடுங்கள்.