எக்ஸ்ரேயில் தெரிந்த சுருக்கம் புற்றுநோயா?

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் பாதைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆர்.ஜி.யூ. எக்ஸ்ரே அறிக்கையில் 'ஒழுங்கற்ற சுருக்கம், எம்.ஆர்.ஐ. பார்ப்பது நல்லது' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடியதால், ஆணுறுப்பையே அகற்ற வேண்டிவருமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த வரி ஒரு சந்தேகமே தவிர முடிவு அல்ல. ஆண்களின் இந்தச் சிறுநீர்ப் பாதையில் தோன்றும் புற்றுநோய் மிகமிக அரிது. சுருக்கங்களில் மிகப் பெரும்பாலானவை பழைய அடி, தொற்று, சிறுநீர் வடியச் செருகும் குழாயான கதீட்டர் ஆகியவை விட்டுச்சென்ற தழும்புகளே. சிறுநீர் இரண்டாகப் பிரிந்து விழுவதும், கழித்த பின் சொட்டுவதும் சுருக்கம் உள்ள பலருக்கும் இருப்பவை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சும் கிடையாது.

என்னைக் கவலைப்படுத்துவது, நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வேறொரு செய்தி. சிறுநீர் கழிக்காத நேரத்திலும் உள்ளாடையில் இரத்தக்கறை படிகிறது என்கிறீர்கள். அதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியும் வந்திருக்கிறீர்கள். இரத்தம் ஏன் கசிகிறது என்று பார்க்காமல் மாத்திரை போடுவது வைத்தியமே அல்ல, காலம் கடத்துவதுதான். நெடுநாள் சுருக்கம் உள்ளவருக்கு இவ்வாறு இரத்தம் கசிந்தால், அதுவும் சுருக்கத்தை விரித்துவிட்ட சிறிது காலத்திலேயே அடைப்பு திரும்பினால், சிறுநீரியல் மருத்துவரை இந்த வாரமே பார்த்தாக வேண்டும்.

ஆர்.ஜி.யூ.வில் உள்ளே செலுத்தும் மருந்து பாதையின் உட்புற வடிவத்தை மட்டுமே காட்டும். சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. எம்.ஆர்.ஐ.யோ, கட்டி இருந்தால், அது பாதையைச் சூழ்ந்த பஞ்சுத்திசுவோடு நிற்கிறதா, விறைப்புத் திசுவின் உறையைத் தாண்டியிருக்கிறதா, தொடை இடுக்கிலும் இடுப்புக்குள்ளும் உள்ள நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்பதைக் காட்டும். எவ்வளவு அகற்ற வேண்டும், உறுப்பைக் காப்பாற்ற முடியுமா என்பதை முடிவுசெய்ய அதுவே பெரிதும் உதவுகிறது. பாதையின் முன்பகுதியில் மேலாக உள்ள சிறு கட்டியைப் பல நேரங்களில் உறுப்பைக் காத்தே அகற்றிவிடலாம். ஆனால் தழும்பும் கட்டியும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பதால், கேமரா பொருத்திய குழாயைப் பாதைக்குள் செலுத்தும் சிஸ்டாஸ்கோப்பியில் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, சந்தேகமான சதையைப் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்கு எடுத்தால்தான் உறுதி கிடைக்கும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பயாப்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுப்பது பயாப்சியில் புற்றுநோய் உறுதியான பிறகு வரவேண்டிய கேள்வி.

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே கெட்டியாக ஏதேனும் தட்டுப்பட்டாலோ, தொடை இடுக்கில் கட்டி தென்பட்டாலோ மருத்துவரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். பழைய ஆர்.ஜி.யூ. படங்களையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். முன்பு வழவழப்பாக இருந்த சுருக்கத்தின் ஓரம் இப்போது கரடுமுரடாகியிருக்கிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.