சந்தேகம் வந்தால் நன்மை வாங்கலாமா?

கேள்வி: அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்பதில் சில மாதங்களாகச் சந்தேகம் எழுகிறது. இது பாவமா? நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கலாமா? – தூத்துக்குடி வாசகி

பதில்: வாங்கலாம். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2088-ஆம் எண்ணில் சந்தேகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. திருச்சபை போதிப்பதைத் தெரிந்தே தள்ளுவது ஒன்று. நம்பத் தயங்குவது, எதிர்க்கேள்விக்கு விடை தெரியாமல் திணறுவது, மனம் கலங்குவது இன்னொன்று. விடை தேடி எழுதியிருக்கிறீர்களே, அதனால் நீங்கள் இரண்டாவது ரகம். சாவான பாவத்துக்கு (நன்மை வாங்கத் தடையாகும் பெரிய பாவம்) கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். உங்களிடம் சம்மதம் இல்லை. ஆனால், வேண்டுமென்றே சந்தேகத்தை வளர்த்துக்கொண்டே போனால் ஆன்மக் குருட்டில் கொண்டுபோய் விடும் என்றும் அதே எண் எச்சரிக்கிறது.

இந்தச் சந்தேகம் பெரும்பாலும் 'மாறுகிறது' என்ற சொல்லில்தான் முளைக்கிறது. நிறமோ, ருசியோ, எடையோ மாறுவதாகத் திருச்சபை சொல்லவே இல்லை. உட்பொருள் மாறுகிறது, தோற்றங்கள் அப்படியே இருக்கின்றன என்பதே போதனை. ஆய்வகத்தில் கொடுத்தால் கோதுமை என்றுதான் முடிவு வரும்; அதில் முரண் ஏதும் இல்லை. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு, வசீகரித்த (பூசையில் குரு அர்ச்சித்த) அப்பமும் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் குளூட்டன் குறைந்த அப்பத்தை அனுமதிக்கிறார்கள், திராட்சை இரசத்தை மட்டும் வாங்கவும் வழியுண்டு. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் மட்டும் செல்லாது.

படிக்கும்போது யோவான் 6-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். பிறகு 1 கொரிந்தியர் 11:23-29. நற்செய்தி நூல்களுக்கும் முந்திய எழுத்து அது. அடுத்து மறைக்கல்வியில் 1373 முதல் 1381 வரை. அப்போதும் இடறுகிற இடத்தை ஒரே வரியில் எழுதிக்கொண்டு, வார நாள் பூசை முடிந்து பங்குத்தந்தையைப் பாருங்கள். ஞாயிறு காலைப் பாவசங்கீர்த்தன வரிசையில் கேட்காதீர்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது 'ஜெபியுங்கம்மா' என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ஒரே சந்தேகத்தை வாராவாரம் பாவமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் வேண்டாம். அது மனச்சாட்சியைப் புண்ணாக்கும், விடை தராது.

கேள்வி: வேளாங்கண்ணியில் மாதா காட்சி கொடுத்ததை நம்பாவிட்டால் நான் கத்தோலிக்கன் இல்லையா? – திருச்சி வாசகர்

பதில்: கத்தோலிக்கர்தான். லூர்து, பாத்திமா காட்சிகளைக்கூடத் திருச்சபை 'தனி வெளிப்பாடு' என்றே வகைப்படுத்துகிறது (மறைக்கல்வி 67). ஏற்கலாம், கட்டாயமில்லை. மாதா கன்னியாகவே இயேசுவைப் பெற்றார் என்பது விசுவாசப் பிரமாணத்தில் உள்ளது. அதை விட்டுவிட முடியாது. குருக்கள் மணம் முடிக்காமல் இருப்பது இன்னொரு வகை, அது சட்ட ஒழுங்கு. உக்ரேனியக் கிழக்குக் கத்தோலிக்கரிடம் மணமான குருக்கள் உண்டு. எதைக் கேட்டாலும், அது கோட்பாடா, ஒழுங்கா, பக்தி வழக்கமா என்று முதலில் பாருங்கள். 'பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜெபம் இந்த மூன்றிலும் சேராது. அது மூடநம்பிக்கை, அழித்துவிடுங்கள்.

கேள்வி: பூசைக்கு முன் டீ குடித்துவிட்டால்? – நாகர்கோவில் வாசகி

பதில்: நன்மை வாங்கும் முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அந்த ஒரு மணி நேரத்தைப் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 7 மணிப் பூசையில் 7.40-க்கு நன்மை என்றால் 6.40-க்குள் டீ முடிந்திருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது. முதியோர், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடு இல்லை.