நாலு ஜாமம், நாலு படம்: கேளுங்க அக்கா

கேள்வி: அக்கா, நான் காட்பாடி, காலேஜ் ரெண்டாவது வருஷம். வர்ற சிவராத்திரிக்கு நாங்க ஆறு பேரு, ஃப்ரெண்ட் வீட்டு மாடியில புரொஜெக்டர் போட்டு விடிய விடிய படம் பாக்கறதுன்னு ப்ளான். அஞ்சு படம் லிஸ்ட் போட்டாச்சு. பிரச்சனை இன்னான்னா நான் பரீட்சைக்குக் கூட பன்னெண்டு மணி தாண்டி முழிச்சதில்ல. மூணு மணிக்கு நான் மட்டும் தூங்கிட்டா வருஷம் பூரா ஓட்டுவானுங்க. எப்படி ரெடி ஆகுறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த லிஸ்ட்ல ஒண்ண அடிச்சிடு. ரெண்டரை மணி நேரப் படம் அஞ்சுன்னா பன்னெண்டரை மணி நேரம், ஒம்போதுக்கு ஆரம்பிச்சா காலைல ஒம்போதரை ஆகும், அதுக்குள்ள வெயில் வந்து உன் திரைய வெள்ளைத் துணியா ஆக்கிடும். சிவராத்திரிக்கு கோயில்லயே நாலு ஜாமம், நாலு பூஜை தான், நீ இன்னா அதுக்கு மேல? ரெண்டு தமிழ்ப் படம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியற மாதிரி வேற ரெண்டு படம், மொத்தம் ஒம்போது மணி நேரம், ஆறு மணிக்கு முடிஞ்சிடும். நடுவுல ப்ரேக் எடுத்தா ஆறரை.

அடுத்தது, எந்தப் படத்த எப்ப போடறதுங்கறது தான் மெயின் மேட்டரு. இத நான் படிச்சு கத்துக்கல, எங்க ஆயா கிட்ட கத்துக்கினேன். ஆற்காடு பக்கம் எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வெச்சா ராத்திரி பத்து மணிக்கு மேல தான் ஆரம்பிக்கும், முடியறப்ப கோழி கூவும், ஆயா பாயும் மடியில வறுத்த மல்லாட்டையுமா (அதான் வேர்க்கடலை) போய் முன்வரிசையில இடம் புடிச்சுடுவாங்க. நடு ராத்திரிக்கு மேல கூட்டத்துல பாதித் தலை சாய ஆரம்பிக்கும் பாரு, அப்ப கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் பூந்து ஊர்க்காரங்களையே பேரு சொல்லி வம்புக்கு இழுப்பான், தூங்கிகினு இருந்தவங்கல்லாம் சிரிச்சுகினே எழுந்து உக்காருவாங்க. அப்பால தான் சண்டைக் கட்டம் வரும். புரிசை மாதிரி ஊருங்கள்ல தலைமுறை தலைமுறையா கூத்து ஆடிகினு வர்றவங்களுக்குத் தெரியாத ராத்திரியா?

அதனால உனக்கும் அதே கணக்கு தான். ஒம்போது மணிக்கு, நீங்க உண்மையிலயே பாக்கணும்னு வெச்சிருக்கற கனமான படம், அப்ப தான் மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும். அடுத்தது நல்ல அடிதடி, இல்லன்னா த்ரில்லர். ரெண்டு மணி சுமாருக்கு உன் கட்டியக்காரன் வரணும், அதாவது ஏற்கனவே பத்து தடவ பாத்து டயலாக் எல்லாம் மனப்பாடமான காமெடிப் படம், ஆறு பேரும் படத்துக்கு முன்னாடியே டயலாக் சொல்லிகினு இருப்பீங்க, தூக்கம் கிட்ட வராது. கடைசியா பாட்டு ஜாஸ்தி இருக்கற படம். சப்டைட்டில் படிச்சு பாக்கற படத்த மட்டும் மூணு மணிக்கு வெச்சுடாத, முதல் அஞ்சு வரி படிப்ப, ஆறாவது வரிக்கு கண்ணு திறந்திருக்கும் ஆளு இருக்கமாட்ட. பேய்ப் படம் உன் இஷ்டம், ஆனா பாத்ரூம் கீழ இருந்தா யோசிச்சுக்கோ.

தூக்க விஷயம். மூணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் தான் உடம்பு சூடு நல்லா கொறஞ்சு போற நேரம், எவ்ளோ பெரிய சூரனா இருந்தாலும் அப்ப கண்ணு செருகும், அதுல மானம் போறதுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கிடு. காபி குடிச்சா வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அஞ்சு மணி நேரம் ஆனாலும் அதுல பாதி உடம்புக்குள்ளயே இருக்கும், அதனால எட்டு மணிக்கே ரெண்டு டம்ளர் ஊத்திக்காத, பன்னெண்டரைக்கு ஒண்ணு, ரெண்டரைக்கு ஒண்ணு, அதோட நிறுத்து, இல்லன்னா காலைல படுத்தா தூக்கம் வராம வேலூர் வெயில்ல புரண்டுகினு கெடப்ப. ஒவ்வொரு படம் முடிஞ்சதும் எழுந்து மாடியில பத்து ரவுண்டு நட, மூஞ்சி கழுவு.

மாடின்னு சொன்னியே, அது மாசி மாசம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மா சொல்லல. ஒரு மணிக்கு மேல லேப்டாப் மூடியில கை வெச்சுப் பாரு, ஈரமா இருக்கும். புரொஜெக்டருக்கு மேல ஒரு குடை கட்டு, காத்துப் போற ஓட்டைய மட்டும் மூடிடாத, சூடாகி நின்னுடும். வேட்டிய திரையா கட்டுனா கீழ்ப் பக்கம் ஒரு கம்பு கோத்து வெயிட் குடுங்க, இல்லன்னா காத்துல ஹீரோ மூஞ்சி உப்பிகினும் சுருங்கிகினும் கெடக்கும்.

படத்த மொபைல் டேட்டாவுல ஓட்டலாம்னு நினைக்காத, ஹெச்டின்னா மணிக்கு 3 ஜிபி வரைக்கும் முழுங்கும், ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளான் முதல் படம் இன்டர்வெல்லே தாங்காது. முந்தின நாளே டவுன்லோடு பண்ணி, அதே வயர்ல, அதே புரொஜெக்டர்ல அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர்னா வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும், வயரே போட்டுக்கோ. பத்து மணிக்கு மேல திறந்த வெளியில ஸ்பீக்கர் அலறக் கூடாதுன்னு சட்டமே இருக்குது, சத்தத்த கொறச்சு எல்லாரும் கிட்ட உக்காருங்க.

நாங்க முதல் தடவ விடிய விடிய படம் பாத்தது இன்னும் ஞாபகம் கீது. அப்பல்லாம் சிவராத்திரிக்கு டாக்கீஸ்ல ஒரே டிக்கெட்டுல மூணு படம் ஓட்டுவாங்க, பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்கன்னு தெருவே காசு போட்டு கலர் டிவியும், வீடியோ கேசட் ஓட்டற டெக்கும் வாடகைக்கு எடுத்தோம். ரெண்டாவது கேசட்ல படம் மழை பெய்யற மாதிரி ஆயிடுச்சு, டெக்கு கொண்டாந்த பையன் மூடியக் கழட்டி ஒரு புது ரூபா நோட்ட மடிச்சு ஹெட்ட தேய் தேய்னு தேய்ச்சான், அதுக்குள்ள பாதிப் பேரு அவுட்டு. மூணாவது படத்த பாத்தது நானும் ஆயாவும் தான், நானும் க்ளைமாக்ஸுக்கு முன்னாடியே தூங்கிட்டேன். காலைல எழுந்தா நீல ஸ்க்ரீன் ஓடிகினு கீது, ஆயா மட்டும் உக்காந்து மல்லாட்டை உரிச்சுகினு இருந்தாங்க. கதை இன்னா ஆச்சுன்னு கேட்டா கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

ஒரே ஒரு கண்டிஷன் தம்பி. விடிஞ்சதும் பைக் எடுக்காத. தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டறது குடிச்சிட்டு ஓட்டறதுக்கு கொறஞ்சதில்ல. அங்கயே படுத்து தூங்கிட்டு நாஷ்டா துன்னுட்டு வா, இல்லன்னா பஸ் புடி.

கேள்வி: என் பொண்ணு பிளஸ் டூ. பெரியம்மா வீட்டுல பசங்கல்லாம் சேந்து ராத்திரி பூரா படம் பாக்கப் போறாங்களாம், அவளும் போறேங்கறா. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வாரம் தான் கீது. அனுப்பலாமா? (ராணிப்பேட்டையில் இருந்து ஒரு அம்மா)

பதில்: இப்ப வேணாம்மா. ஒரு ராத்திரி தானேன்னு தோணும், ஆனா கெட்ட தூக்கம் வழிக்கு வர ரெண்டு மூணு நாள் ஆயிடும். கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுலயே வைங்க, இப்பவே தேதி சொல்லிடுங்க, அழுகை பாதி நின்னுடும்.

கேள்வி: நாங்க சனிக்கிழமை ராத்திரி மூணு படம் பாக்கறோம். எட்டு மணிக்கு ஆம்பூர் பிரியாணி சொல்லிடலாம்னு இருக்கோம், ஓகே தானே? (குடியாத்தம் வாசகர்)

பதில்: பிரியாணி ஓகே, நேரம் தான் தப்பு. எட்டு மணிக்கு கத்திரிக்கா தொக்கோட ஒரு பிளேட் இறக்குனீங்கன்னா முதல் படம் இன்டர்வெல்லுக்குள்ள குறட்டை தான். அத மத்தியானம் துன்னுட்டு அப்படியே படுங்க, மேல தம்பிக்கு சொன்ன தூக்கம் கூப்பிடாமலே வரும். ராத்திரிக்கு நாலு இட்லி போதும். மக்கன் பேடா ஆளுக்கு ஒண்ணோட நிறுத்துங்க, இனிப்பு ஜாஸ்தியானாலும் ஆளத் தள்ளிடும். மத்தபடி தோலோட வறுத்த மல்லாட்டை ரெண்டு கிலோ வாங்கி வைங்க, உரிக்கற கை தூங்காது. தோலப் போட ஒரு பழைய பேப்பர விரிச்சு வைங்க, இல்லன்னா காலைல வீட்டம்மா வெளக்கமாறோட வந்து நிப்பாங்க.