‘உங்களுக்கு மட்டுமா, பக்கத்து சீட்டுக்குமா?’

கணினி நெட்வொர்க் வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நெட்வொர்க் குழு ஒன்றை நடத்திவரும் இன்ஜினியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. நெட்வொர்க் இன்ஜினியராக ஆசை. சி.சி.என்.ஏ. (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்) முடித்தால் உடனே வேலை என்கிறார் பயிற்சி மையத்துக்காரர். நம்பலாமா?

பதில்: பாதி நம்புங்கள். சி.சி.என்.ஏ. எழுத எந்தப் பட்டமும் கட்டாயமில்லை. வணிகவியல் படித்தவரும் எழுதலாம், வரலாறு படித்தவரும் எழுதலாம். 2 மணி நேரத் தேர்வு; தேர்ச்சி பெற்றால் 3 ஆண்டுகள் செல்லும். விண்ணப்பக் குவியலில் உங்கள் தாள் மேலே வர அது உதவும். அதற்கப்புறம் நேர்காணல் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே சர்டிபிகேட் பேசாது.

ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: “ஒருவருக்கு நெட் வரவில்லை. அவர் கணினியில் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. என்ன நடந்திருக்கும்?” ஓ.எஸ்.ஐ. மாடலின் (நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் பாட அமைப்பு) 7 அடுக்குகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பிப்பவர்கள்கூட இங்கே முழிப்பார்கள். முகவரி கேட்டுப் பார்த்து, முகவரிகளை வழங்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் பாஸ் என்று நினைக்காதீர்கள். அடுத்து எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? ஸ்விட்ச் போர்ட் தப்பான வி-லேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) இருக்கலாம். சர்வரில் கொடுப்பதற்கு முகவரியே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால், கோரிக்கையை அங்கே கடத்திவிடும் ரிலேயை ரவுட்டரில் போட மறந்திருக்கலாம். இத்தனையையும் அடுக்க வேண்டாம். “சார், அவருக்கு மட்டுமா, பக்கத்து சீட்டுக்காரருக்கும் இப்படித்தானா?” என்று திருப்பிக் கேட்கிறவரை நான் எடுத்துக்கொள்வேன். பாதித் தேடலை அந்த ஒரு கேள்வியே முடித்துவிடுகிறது.

கேள்வி: ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் வாங்கிப் பழக வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: வாங்கவே வேண்டாம். கணினிக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருளான சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம். அது கைவந்ததும் ஜி.என்.எஸ்.3-க்குப் போகலாம், அதுவும் இலவசம். கூடவே ஒயர்ஷார்க்கை நிறுவி, உங்கள் கணினி யார் யாரோடு பேசுகிறது என்று ஒரு மணி நேரம் வேடிக்கை பாருங்கள். பாடப்புத்தகம் சொல்லாததெல்லாம் அதில் தெரியும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் லேபில் செய்வது என்ன? வீடியோவைப் பார்த்து அதே கட்டளைகளை அடிப்பார்கள், பிங் (மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்ற சோதனை) போனதும் மூடிவிடுவார்கள். வேலையே பிங் போகாதபோதுதான் தொடங்குகிறது. அதனால் கட்டி முடித்ததும் உடையுங்கள். முடிந்தால் ஒரு நண்பரை விட்டு உடைக்கச் சொல்லி, நீங்கள் கண்டுபிடியுங்கள்.

உதாரணத்துக்கு, 3 ஸ்விட்ச்களை முக்கோணமாக இணைத்து சுற்றுப்பாதையைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிடுங்கள். எல்லோருக்கும் போகும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் போதும், சுற்றிச் சுற்றி வந்து பெருகி எல்லாவற்றையும் திணறடித்துவிடும். ஐ.பி. பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூஜ்ஜியமானால் பாக்கெட் செத்துவிடும். ஸ்விட்ச்கள் கடத்துகிற ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கிடையாது. இந்தச் சிக்கலுக்காகத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீயை வகுத்தார். ஒருமுறை அந்தப் புயலைப் பார்த்தவருக்கு அது ஏன் வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பல வி-லேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் புதிதாக ஒரு வி-லேனை அனுமதிக்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு அடித்துப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த பட்டியல் முழுவதும் போய், புதியது மட்டும் நிற்கும். நிஜ அலுவலகத்தில் இது ஒரு தளத்தையே இருட்டாக்கும். தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன் ‘ரீலோட் இன் 10’ என்று அடித்துவைக்கிற பழக்கத்தையும் லேபிலேயே கற்றுக்கொள்ளுங்கள். நாம் செய்த மாற்றத்தால் நாமே வெளியே தள்ளப்பட்டாலும், 10 நிமிடத்தில் அது ரீஸ்டார்ட் ஆகி, கடைசியாகச் சேமித்த கன்ஃபிகுக்குத் திரும்பிவிடும். மாற்றம் சரியாக வந்தால் மறக்காமல் அதை ரத்து செய்யவும் வேண்டும்!

கேள்வி: சப்நெட் கணக்கு என்றாலே பயமாக இருக்கிறது. நான் கணக்கில் வீக்.

பதில்: கழித்தலும் பெருக்கலும் தெரியுமா? போதும். சப்நெட் என்பது நெட்வொர்க்கைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது. ஐ.பி. முகவரிக்கு 32 பிட்; /26 என்றால் நெட்வொர்க்குக்கு 26 போக மிச்சம் 6 பிட். 2-ஐ 6 முறை பெருக்கினால் 64. ஆகவே தொகுதிகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். முதல் முகவரி நெட்வொர்க்குக்கு, கடைசி பிராட்காஸ்டுக்கு, மிச்சம் 62. இப்போது 100 என்று முடிகிற முகவரி எந்தத் தொகுதி? 64-இல் தொடங்குவதுதான். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, அதனால் இதை வாயால் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: எல்லாம் கிளவுடுக்குப் போகிறது, மீதியை ஏ.ஐ. செய்யும் என்கிறார்கள். இந்த வேலை இருக்குமா?

பதில்: 200 ஸ்விட்ச்களில் ஒரே கட்டளையை உட்கார்ந்து அடிக்கிற வேலை போகும். போகட்டும், அது ஒன்றும் சுகமான வேலை இல்லை. பைத்தான் நிரல்மொழியும் அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியும் அதை அழகாகச் செய்கின்றன; நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கிளவுடிலும் சப்நெட் உண்டு, ரவுட் டேபிள் உண்டு, ஃபயர்வால் விதிகள் உண்டு.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் படுத்தது நினைவிருக்கிறதா? பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு தானியங்கிக் கருவி இருந்தது. அதில் ஒரு பக் இருந்ததால் தடுக்கவில்லை. இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்களும், டேட்டா சென்டரோடு பேச முடியாததால், நெட்வொர்க்குகள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் பி.ஜி.பி. வழியே கொடுத்துவந்த தங்கள் பாதை அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. கடைசியில் இன்ஜினியர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். உலகின் மிகப் பெரிய தானியங்கி அமைப்புகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

கேள்வி: நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் உண்டு என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். போகலாமா? (ஒரு வாசகி)

பதில்: தயக்கம் நியாயம்தான். போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன ஏற்பாடு என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெரிய மாற்றங்களெல்லாம் ஆள் நடமாட்டம் குறைந்த இரவில்தான் நடக்கும், அதனால் ராத்திரி வேலை இந்தத் துறையை விட்டு முழுதாகப் போகாது. ஓரிரு ஆண்டு அங்கே இருந்தால் பார்க்கிற கோளாறுகளின் எண்ணிக்கையே வேறு. அப்புறம் டிசைன், வயர்லெஸ், செக்யூரிட்டி என்று பகல் வேலைக்கு மாறலாம். எந்த டிக்கெட்டை (கோளாறுப் புகாரை) மூடினாலும் எப்போது போனது, என்ன மாற்றினேன், எப்போது வந்தது என்று 3 வரி எழுதிவையுங்கள். அடுத்த ஷிஃப்ட்காரர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: இன்ஜினியருக்குக் கேபிள் கிரிம்ப் செய்யவும் (முனையில் பிளக் பொருத்தவும்) தெரிய வேண்டுமா?

பதில்: தெரிய வேண்டும். இரு முனையிலும் ஒரே மாதிரி, ஆனால் தப்பான வரிசையில் நிறங்களைச் செருகிவிட்டால், சாதாரண டெஸ்டரில் 8 விளக்கும் ஒழுங்காக எரியும். வேகம் மட்டும் வராது. 3-ஆம், 6-ஆம் கம்பிகள் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்விட்ச் போர்ட்டில் சி.ஆர்.சி. எரர் (தரவு சிதைந்து வந்த எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.