மே மாதம் 18 வயது முடிந்த மகளின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மே 14-இல் 18 முடிந்திருந்தால் ஜூலை 1-ஐத் தகுதி நாளாக (18 வயது முடிந்திருக்கிறதா என்று கணக்கிடும் நாளாக) கொண்டு உங்கள் மகளின் பெயரைச் சேர்க்கலாம். புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ இப்போதே கொடுங்கள்.

உங்களிடம் "ஜனவரிக்கு அப்புறம் வாங்க" என்று சொன்னவர் பழைய விதியை நினைத்துச் சொல்லியிருப்பார். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், நடுவில் தேர்தல் வந்தால் போச்சு. 2021-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என நான்கு நாட்களாக்கியது. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் முடியும். இவ்வளவு நல்ல மாற்றம் வீடுகளுக்குப் போய்ச் சேராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிளஸ் டூ வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

முதலில் பிறந்த தேதிச் சான்றைப் பாருங்கள். என் அண்ணன் மகனுக்கு ஆதாரில் ஒரு தேதி, மதிப்பெண் பட்டியலில் வேறு தேதி. அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஆனது. ஆதார் எண் தர முடியவில்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஒன்று மட்டும் கவனம். தேர்தல் அறிவித்துவிட்டால், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க மாட்டார்கள். விசாரணைக்கும் சில நாள் பிடிக்கும். அதனால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து, 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைத்து நிலவரம் கேளுங்கள்.