உசைன் போல்ட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

போல்ட் ஆரம்பத்திலிருந்தே 100 மீட்டர்காரரா?

இல்லை, 200 மீட்டர்காரர். 2002-ல் கிங்ஸ்டனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் 15 வயதில் தங்கம் வாங்கியதும் 200-ல்தான். பதற்றத்தில் ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பயிற்சியாளர் கிளென் மில்ஸ் அவரை 400 பக்கம் திருப்பப் பார்த்தார். அந்தப் பயிற்சி போல்ட்டுக்கு அறவே பிடிக்காது. 200-ல் ஜமைக்கா சாதனையை உடைத்தால் 100 ஓடலாம் என்று பேச்சு. 2007-ல் 19.75 விநாடியில் ஓடி உடைத்தார். கேட்டது கிடைத்தது. அடுத்த மே மாதமே நியூயார்க்கில் 9.72, உலக சாதனை!

1.95 மீட்டர் உயரம் இடைஞ்சல் இல்லையா?

முதல் 30 மீட்டருக்கு இடைஞ்சல்தான். நீளமான கை கால்கள் பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் காலை உந்தும் கட்டை) விரிய நேரம் எடுக்கும். அதற்கு வட்டியோடு பிற்பாதியில் வசூலித்துவிடுவார். 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரை 41 காலடிகளில் முடித்தார். மற்றவர்களுக்குப் பொதுவாக 44, 45 ஆகும். அதில் 60-லிருந்து 80 மீட்டர் வரை அவருக்கு ஆனது 1.61 விநாடி, அதாவது மணிக்கு 44 கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் அவர் வேகம் கூடுவதுபோல் டிவியில் தெரியும். உண்மையில் அங்கே எல்லோருக்கும் வேகம் குறைகிறது, அவருக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 100 மீட்டரில் நெஞ்சைத் தட்டிக் கொண்டாடாமல் ஓடியிருந்தால்?

இதைக் கேட்காத ஆளே இல்லை! ஷூ லேஸ் அவிழ்ந்த நிலையில் 9.69. மறு வருடம் பெர்லினில் கோடு வரை ஓடினார், 9.58. பதில் அதிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் பெய்ஜிங்கின் பெரிய ஓட்டம் 200 மீட்டர்தான். எதிர்காற்றில், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி 19.30. மைக்கேல் ஜான்சனின் உலக சாதனை 19.32 போனது.

2011 டேகு உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் ஒரே தவறான தொடக்கத்துக்கு அவரை வெளியே அனுப்பியது நியாயமா?

2010-லிருந்து விதி அதுதான். முன்பு ஒரு பந்தயத்துக்கு ஒரு தவறான தொடக்கம் மன்னிக்கப்படும். சிலர் அதை வைத்து எதிராளியைக் குழப்பினார்கள். போல்ட் துப்பாக்கிக்கு முன்பே பாய்ந்தது கண்ணுக்கே தெரிந்தது. தங்கம் சக ஜமைக்கா வீரர் யோகான் பிளேக்குக்கு.

ஒலிம்பிக் தங்கம் எட்டா, ஒன்பதா?

எட்டு. 2008 ரிலே அணியிலிருந்த நெஸ்டா கார்ட்டர் ஊக்கமருந்து மறுசோதனையில் சிக்கியதால் 2017-ல் அந்தப் பதக்கம் பறிபோனது. தவறு போல்ட்டுடையது அல்ல. ஆனால் ரிலே பதக்கம் நான்கு பேருக்கும் பொது.

கடைசிப் பந்தயம் ஏன் அப்படி ஆனது?

2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப். 100 மீட்டரில் 9.95 ஓடி மூன்றாமிடம். ஜெயித்த ஜஸ்டின் காட்லின் அவர் முன்னால் மண்டியிட்டார். அப்புறம் ரிலேயில் கடைசி ஆளாக ஓடும்போது தொடைத் தசை பிடித்து, பாதியிலேயே விழுந்துவிட்டார்.