ராயபுரம் பற்றிக் கேளுங்கள், பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன்

கேள்வி: உங்கள் ஊர்க் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்க எத்தனை மணிக்குப் போகணும்?

விடியுமுன். ஏலம் இருட்டிலேயே தொடங்கிவிடும். அதில் கூடை கூடையாக எடுப்பவர்கள் வியாபாரிகள், வீட்டுக்கு ஒரு கிலோ போதுமென்றால் பக்கத்தில் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் போங்கள், செவுளைத் தூக்கிப் பார்த்து ரத்தச் சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கார் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மே மாதம் வருகிறேன். வஞ்சிரம் மலிவாகக் கிடைக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். விலையைக் கேட்டுவிட்டுக் கோழி வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

கேள்வி: வடசென்னை ஆயிற்றே, பாதுகாப்பா?

ஆமாம்.

கேள்வி: இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்தானே?

இல்லை. பம்பாய்–தாணே வண்டி 1853லேயே ஓடிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். ஆனால் அந்த மும்பை, தாணே நிலையங்களின் பழைய கட்டடங்கள் இன்று இல்லை, எங்களுடையது தூண்களோடு அப்படியே நிற்கிறது. இருப்பதில் பழையது என்று சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

கேள்வி: செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837லேயே ரயில் ஓடியதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

யார் மறைத்தது? ஓடியது, கல் ஏற்றிக்கொண்டு ஓடியது. ரோடு போடக் கல் வேண்டியிருந்தது, தண்டவாளம் போட்டார்கள். நான் 'பயணிகள்' என்று எழுதியிருக்கிறேன், அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுப் படித்தால் எப்படி?

கேள்வி (அதே நண்பர்): கல் ஏற்றினாலும் ரயில் ரயில்தானே?

சரி, ரயில்தான். அதில் ஏற டிக்கெட் வாங்கிய ஒருவரைக் காட்டுங்கள், ராயபுரத்தை விட்டுக்கொடுக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் வேறு: 1873இல் சென்ட்ரல் வந்ததும் பேர் எல்லாம் அங்கே போய்விட்டது. இன்று கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நீங்களாவது கல்லுக்காகச் சண்டை போடுகிறீர்கள், சந்தோஷம்.

கேள்வி: யாரோ ராயர் ஆண்டதால் இந்தப் பெயரா?

ராயர் இல்லை, இராயப்பர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை அப்படித்தான் சொல்வார்கள். படகுக்காரர்கள் கட்டிய இராயப்பர் கோயில் இங்கே இருக்கிறது, ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். ராயப்பேட்டையையும் இதில் சேர்த்துக் குழப்பாதீர்கள், அது வேறு திசை.

கேள்வி: பார்சி கோயிலுக்குள் போகலாமா?

முடியாது, பார்சிகளுக்கு மட்டும். 1910இல் திறந்தது. இளவயதில் இறந்த மகன் ஜாலின் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா கட்டியது. வெளியே நின்று பார்க்கலாம்.

கேள்வி: திமுகவின் முதல் கூட்டம் உங்கள் ஊரில்தானாமே?

1949 செப்டம்பர், ராபின்சன் பூங்கா. மழையில் நடந்த கூட்டம். இப்போது அது அண்ணா பெயரில் இருக்கிறது.

கேள்வி: நல்ல அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) எங்கே?

பர்மா பஜார் பக்கம், பாரிமுனை. அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: தனியாகப் பெண்கள் வரலாமா, பாதுகாப்பா?

விடிகாலை நாலு மணிக்கு ஏலத்தில் குரல் கொடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள், நான் தூரத்தில் நின்றுகொள்கிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காசிமேடு வருகிறோம், காரை எங்கே நிறுத்துவது?

உங்கள் வீட்டு வாசலில்.